அத்தியாயம் 7: காவிரி முடியும் இடத்தில் குடும்பத்தோடு மூன்று நாள்

பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற பேச்சு வந்தாலே டெல்டாக்காரர்களின் மனம் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் ஓடுகிறது. மலையேறாமல், வளைவுச் சாலையில் பிள்ளைகளுக்குத் தலைசுற்றாமல், தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கக்கூடிய ஒரு காடு நம் சமவெளியின் கிழக்கு ஓரத்திலேயே இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்து முகத்துவாரத்துக்கும் நடுவே, உப்புத் தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கிற பிச்சாவரம் அலையாத்திக் காடு அது. அங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் பூம்புகார். அதற்கும் தெற்கே அரை மணி நேரத்தில் தரங்கம்பாடி. இந்த மூன்றையும் சேர்த்து மூன்று நாள் பயணமாக எப்படி அமைத்துக்கொள்வது என்பதே இந்த அத்தியாயம்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். ஒரு நாளைக்கு ஒரு இடம் போதும். இந்தப் பக்கம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று நவக்கிரகத் தலங்களை ஒரே நாளில் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தில் கடற்கரையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. பிள்ளைகளுக்கு அந்த நாளில் மிஞ்சுவது காரின் ஜன்னல் மட்டும்தான். காடும் ஆற்று முகமும் அவசரத்துக்குக் காட்சி தராதவை. அவற்றுக்கு அரை நாளையாவது முழுசாகக் கொடுங்கள்.

எப்போது போவது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை மிக நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, வழியெல்லாம் சம்பா அறுவடை நடக்கும். நெல் அறுப்பதையும் சாலையோரம் கொட்டிக் காய வைப்பதையும் நகரத்துப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வலசை வந்த பறவைகளும் அப்போது இருக்கும்.

பொங்கல் விடுமுறையில் வருபவர்கள் காணும் பொங்கலன்று மட்டும் பூம்புகாருக்கோ பிச்சாவரத்துக்கோ போக வேண்டாம். சுற்று வட்டாரமே அன்று அங்கேதான் இருக்கும். தை அமாவாசை, ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு ஆகிய நாள்களிலும் காவிரி கடலில் கலக்கும் சங்கமத்தில் நீராடப் பெருங்கூட்டம் வரும். அந்தக் கூட்டமே பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு ஏற்ற நாள் ஆகாது.

அரையாண்டு விடுமுறை டிசம்பரில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையின் வால்பகுதி அது. வயல்கள் பச்சையாக இருக்கும், ஆறு நிறைந்து ஓடும், ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் நின்றுவிடும். வானிலை அறிவிப்பைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்; ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பதிவு செய்யுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்க முடியாதவர்கள் காலை ஒன்பதரைக்குள் வெளி வேலையை முடித்துவிட்டு மாலை நாலரைக்குப் பிறகு மறுபடி இறங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் வரத்தும் குறைவாக இருக்கும். ஜூன் மாதத்தில் வந்தால் பூம்புகாரில் காவிரி வெறும் மணலாகக் கிடப்பதைக் காணலாம். மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர மேலும் பல நாள்கள் ஆகும்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

சென்னையிலிருந்து ரயிலில் வருபவர்களுக்குச் சீர்காழியும் மயிலாடுதுறையும் இறங்கும் இடங்கள். சோழன் எக்ஸ்பிரஸ் பகல் வண்டி. உழவன் எக்ஸ்பிரஸ் இரவு வண்டி. பிள்ளைகளோடு வருபவர்களுக்குப் பகல் வண்டியையே சொல்வேன். விழுப்புரம் தாண்டியதும் நிலம் மாறுவதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டே வரலாம். சிதம்பரத்துக்குத் தெற்கே வண்டி கொள்ளிடம் பாலத்தின் மேல் போகும்போது ஆற்றின் அகலத்தைக் காட்டுங்கள். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் சுமார் 24 கி.மீ., சீர்காழியிலிருந்து சுமார் 20 கி.மீ. இரண்டு ஊரிலிருந்தும் பேருந்து உண்டு. காரில் வந்தால் சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக சுமார் 250 கி.மீ.

தங்குவதற்கு மூன்று வழிகள். முதலாவது, பூம்புகாரிலேயே கடற்கரையை ஒட்டித் தங்குவது. 1970களில் இங்கே சுற்றுலா வளாகம் எழுந்தபோது சங்கு, சிப்பி வடிவத்தில் விடுதிகளைக் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கட்டடங்களே பிடித்துப்போகும். அறை, கழிப்பறை, மின்விசிறி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று முன்பதிவின்போதே விசாரித்துவிடுங்கள்.

இரண்டாவது, சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ நல்ல லாட்ஜில் தங்கி, தினமும் போய்வருவது. வயதானவர்கள் உடன் வந்தால் இதுதான் வசதி. மருத்துவமனை, மருந்துக் கடை, மெஸ் எல்லாம் பக்கத்தில் இருக்கும். மூன்றாவது, காட்டுக்காகவே வருபவர்கள் சிதம்பரத்திலோ, பிச்சாவரத்திலேயே படகுத்துறையை ஒட்டியோ ஓரிரவு தங்குவது. காலை முதல் படகில் ஏற வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

என் யோசனை: முதல் இரவு பூம்புகார் பக்கம், இரண்டாம் இரவு சிதம்பரம் பக்கம். இரண்டு தங்குமிடத்துக்கு மேல் மாற்றினால் பெட்டி கட்டுவதிலேயே விடுமுறை தீர்ந்துவிடும்.

முதல் நாள்: பூம்புகார்

ரயிலிலேயே பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரக் கதையைச் சொல்லத் தொடங்குங்கள். முழுக் கதையும் வேண்டாம். கோவலன், கண்ணகி, மாதவி மூவரும் வாழ்ந்த புகார்க் காண்டம் வரை போதும். மதுரைக்குப் போன பிறகு என்ன ஆனது என்பதைக் கலைக்கூடத்துச் சிற்பங்கள் சொல்லட்டும்.

சிலப்பதிகாரக் கலைக்கூடம் 1973-இல் திறக்கப்பட்டது. ஏழு நிலை கொண்ட மாடம்; உள்ளே சுவரெங்கும் காப்பியத்தின் காட்சிகள் கல்லில் வரிசையாக இருக்கின்றன. எழுத்து கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தையும் இங்கே ஒரு பெருங்காப்பியத்தைப் 'படித்து' முடிக்கலாம். ஒவ்வொரு சிற்பத்துக்கும் முன்னால் நின்று, "இது யாரு, என்ன நடக்குது?" என்று நீங்கள் கேளுங்கள், பதிலை அவர்கள் சொல்லட்டும். சிறு பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் சரியாக இருக்கும். அண்மை ஆண்டுகளில் இந்த வளாகத்தில் புதுப்பிப்புப் பணிகள் நடந்ததால், எந்தெந்தப் பகுதி பார்வைக்குத் திறந்திருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பூமிக்கடியில் கிடைத்த பூம்புகார். இந்தியத் தொல்லியல் துறை 1960களில் இங்கே தோண்டியது. பூம்புகாரை ஒட்டிய கீழையூரில் படகு கட்டும் துறையின் செங்கல் கட்டுமானமும், படகைப் பிணைத்த மரத்தூண்களும் கிடைத்தன. அந்த மரத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. மூன்றாம் நூற்றாண்டு என்று தெரிந்தது. பல்லவனேசுவரத்தில் ஒரு புத்த விகாரையின் அடித்தளமும் புத்தர் பாதம் செதுக்கிய கல்லும் வெளிப்பட்டன. 1990களின் தொடக்கத்தில் தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் சேர்ந்து கடலின் அடியிலும் தேடின. அகழ்வில் கிடைத்த பொருள்களுக்கு இங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு.

பார்க்கும்போது செங்கல் வரிசைகள் எளிமையாகத்தான் இருக்கும். அதனால் பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்: இந்தத் துறையில் பெரிய கப்பல்கள் வந்து நின்றன, பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டு கடைத்தெருக்கள் இயங்கின, கடலோரத்தில் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம் என்று ஊர் இரண்டு பகுதியாக இருந்தது. இதைக் கேட்ட பிள்ளை செங்கலைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

மாலையில் கடற்கரைக்குப் போங்கள். காவிரி கடலில் சேரும் இடம் இது. குடகு மலையில் பிறந்து, வழியெங்கும் பிரிந்து, வெள்ளத்தின் பெரும்பகுதியைக் கொள்ளிடத்துக்குக் கொடுத்து, வாய்க்கால்களில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகு மிச்சமாய் வரும் காவிரி இங்கே ஒரு சிற்றாறாகவே இருக்கிறது. "இவ்வளவு சின்னதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதற்கான பதிலை அவர்கள் வழியெல்லாம் வயலாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்கள் என்று சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையைக் கண்டிப்போடு சொல்கிறேன். பூம்புகார்க் கடல் குளிக்க ஏற்றதல்ல. ஆறும் கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. கால் வைத்த இடத்தில் மணல் திடீரென்று ஆழமாகும். பிள்ளைகள் கணுக்கால் நனைக்கலாம், அதுவும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருக்கும்போது மட்டும். கரையோரப் பாறைகளில் பாசி இருக்கும், ஏற விடாதீர்கள். கடலுக்குள் இறங்க வேண்டாம் என்று உள்ளூர் மீனவர் ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். பூம்புகாரும் அப்போது அதில்தான் இருந்தது. இந்தக் கடலின் மேல் இந்த ஊருக்கு இருக்கும் மரியாதையை நாமும் கடைப்பிடிப்போம்.

இரண்டாம் நாள்: பிச்சாவரம்

பயணத்தின் நடுநாயகம் இந்த நாள். பூம்புகாரிலிருந்து சீர்காழி, சிதம்பரம் வழியாக சுமார் 55 கி.மீ. விடியலில் கிளம்பி, காலை டிபனை வழியில் முடித்து, படகுத்துறைக்குச் சீட்டு கொடுக்கத் தொடங்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

படகுகளை நடத்துவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம். துடுப்புப் படகு, மோட்டார்ப் படகு என இரண்டு வகை. மோட்டார்ப் படகு அகலமான கால்வாயில் வேகமாகப் போகும். சத்தத்தில் பறவைகள் எழுந்து போய்விடும். குடும்பத்துக்கு ஏற்றது துடுப்புப் படகு. இரு பக்கமும் கிளைகள் தலைக்கு மேல் கூடி நிழல் தரும் குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். சீட்டு வாங்கும்போதே நேரம் கூடுதலான சுற்றைக் கேளுங்கள். ஏறியதும் படகோட்டியிடம், "அண்ணே, அவசரமே இல்ல. சின்ன வாய்க்கா பக்கமா மெதுவா போங்க, பிள்ளைங்களுக்கு மரத்தையெல்லாம் சொல்லிக் காட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். அவர்களில் பலருக்கு இந்தக் காடு பிறந்த ஊர். எந்தப் புத்தகத்தையும்விட அவர்கள் அதிகம் சொல்வார்கள்.

உயிர்காப்பு அங்கியை எல்லோரும் போட வேண்டும், கைக்குழந்தை உட்பட. குழந்தையின் அளவுக்கு அங்கி இல்லை என்றால் அந்தப் படகில் ஏறாதீர்கள். அளவான அங்கி கிடைக்கும் வரை காத்திருப்பது நஷ்டமில்லை.

இனி, காட்டில் என்ன பார்ப்பது. சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பு, ஐம்பதுக்கு மேற்பட்ட திட்டுகள், அவற்றுக்கு நடுவே வலைப்பின்னலாய் வாய்க்கால்கள். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியேறும். ஆற்று வெள்ளம் வரும் மாதங்களில் நல்ல தண்ணீர் கலக்கும். சாதாரண மரம் ஒரு வாரம் தாங்காத இந்த மண்ணில் அலையாத்தி மரங்கள் எப்படி வாழ்கின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மூன்று மரங்களை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளச் சொல்லுங்கள்.

முதலாவது சுரபுன்னை. தண்டிலிருந்து பல வேர்கள் வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். இதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல் நீளமாகத் தொங்கும். பிறகு விழுந்து சேற்றில் குத்தி நிற்கும், இல்லையேல் மிதந்து போய் வேறிடத்தில் வேரூன்றும்.

இரண்டாவது வெண்கண்டல். இதன் வேர்கள் சேற்றிலிருந்து கூராக மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் மூச்சு விடும் வழி அதுதான். உள்ளே போன உப்பை இது இலை வழியே வெளியேற்றும்.

மூன்றாவது தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம். ஊருக்குள் காணாமல் போய், இங்கே இன்னும் நிற்கிறது. இதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் படகிலிருந்து எந்தக் கிளையையும் பிடிக்கக் கூடாது, எந்த இலையையும் கிள்ளக் கூடாது என்பதை ஏறும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். தப்பித் தவறிப் பட்டால் நல்ல தண்ணீரால் நிறையக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள். இதற்காகவே இரண்டு பாட்டில் தண்ணீரைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் வேர்களும் சேறும் வெளியே தெரியும். நண்டுகளும், சேற்றில் துள்ளும் மீன்களும் அப்போதுதான் கண்ணில் படும். நீர் ஏறியிருந்தால் குறுகிய வாய்க்கால்களில் படகு இன்னும் உள்ளே போகும். இரண்டுக்கும் தனி அழகு உண்டு. எந்த நேரம் எப்படி இருக்கும் என்று முந்தின நாளே படகுத்துறையில் கேட்டுக்கொள்ளலாம். நாரை, கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லா நேரமும் உண்டு.

இந்தக் காட்டின் கதையையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் காலம் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டும் வழக்கம் இங்கே இருந்தது. மரம் போன இடத்தில் தரை தாழ்ந்து பள்ளமானது. ஏறி வந்த கடல்நீர் திரும்பாமல் அங்கேயே தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. அதன் பிறகு அங்கே ஒரு கன்றும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, சுற்றியுள்ள ஊர் மக்கள் மூவரும் சேர்ந்து கால்வாய்களை வெட்டி, நீர் வந்து போக வழி செய்து, கன்றுகள் நட்டார்கள். காடு திரும்பி வந்தது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் அழிவு குறைவாக இருந்தது. 2022-இல் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஒரு காடு அழிந்த காரணத்தையும் மீண்ட வழியையும் ஒரே படகுப் பயணத்தில் காட்ட இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியவில்லை.

எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' 1975-இல் வெளிவந்த படம். அதில் இந்தக் காடு வருகிறது. தாத்தாக்களுக்கு அதைச் சொல்லிக்காட்டும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் வழியில் காணலாம். அது அவர்கள் பிழைப்பு. கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம் திரும்பிவிடலாம். நடராசர் கோவில் நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கும் என்பதால், அறையில் தூங்கி எழுந்து மாலையில் போவதே சரி. அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் நாள்: தரங்கம்பாடி, அல்லது ஓய்வு

பிள்ளைகள் களைத்திருந்தால் இந்த நாளைக் கைவிடத் தயங்காதீர்கள். தெம்பு இருந்தால் தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டென்மார்க்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706-இல் பாதிரியார் சீகன்பால்கு இங்கே வந்து இறங்கி, தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, தமிழில் நூல்களை அச்சிட்டார். 1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கோட்டைக்குப் பக்கத்தில், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோவில் அவர்களுக்கும் முந்தையது. 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோட்டை வாசலிலிருந்து எல்லாமே நடக்கும் தூரம். காலை ஏழரைக்குத் தொடங்கினால் பத்துக்குள் முடித்துவிடலாம்.

சாப்பாடு

பூம்புகாரில் உணவகங்கள் குறைவு. தங்கும் இடத்தில் இரவுச் சாப்பாடு வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லி வையுங்கள். சீர்காழி, மயிலாடுதுறை, சிதம்பரம் மூன்று ஊரிலும் நல்ல சைவ மெஸ்கள் உண்டு. இறாலும் நண்டும் இந்தப் பக்கத்துச் சிறப்பு. குழந்தைகளுக்கு முதல் முறை தருவதாக இருந்தால் பயணத்தில் வேண்டாம், ஒவ்வாமை வந்தால் அலைச்சல். கட்டுச்சோறு எடுத்து வருபவர்கள் புளியோதரையை முதல் நாளோடு முடித்துவிடுங்கள்.

பையில் என்ன

எல்லோருக்கும் தொப்பி, முழுக்கைச் சட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கொசு விரட்டும் களிம்பு, மாற்றுத் துணி, பின்வார் உள்ள செருப்பு, ஒரு பைனாகுலர், பிள்ளைகளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும். பிளாஸ்டிக் பையும் நொறுக்குத்தீனிப் பொட்டலமும் படகில் ஏற வேண்டாம். வாய்க்காலில் விழும் ஒவ்வொரு உறையும் மூச்சுவேர்களில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால்

பூம்புகாரிலிருந்து தெற்கே நூறு கி.மீ.க்குச் சற்று மேல் போனால் கோடியக்கரை. 1967-இல் அமைந்த வன உயிரினச் சரணாலயம். புல்வெளியில் வெளிமான்கள், குளிர்காலத்தில் பூநாரைகள். அலையாத்திக் காட்டிலிருந்து முற்றிலும் வேறான, வறண்ட பசுமைமாறாக் காடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மரங்களைச் சாய்த்த பிறகும் மீண்டு நிற்கிறது. வனத்துறை விடுதியில் தங்க நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் இதை முதல் பயணத்தோடு ஒட்ட வேண்டாம். பிச்சாவரத்தைப் பார்த்த பிள்ளைகள் ஓராண்டு கழித்து, "அடுத்த காடு எது?" என்று தாங்களே கேட்கும்போது கோடியக்கரைக்கு அழைத்துப் போங்கள்.